லட்சுமணனின் வலது கண்

லட்சுமணன் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது என் கையில் டார்ச் இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பார்வை அளக்கும் ஆப்டோமெட்ரி படித்து, திருவொற்றியூரில் ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

முகாம் தொடங்கும் முன்பே சூப்பர்வைசர் ஜெஸ்வின் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"லட்சுமணன்னு ஒருத்தர் வருவாரு. போன வாரம் கேட் தூணை உரசிட்டாரு. போதை மாத்திரை ஏதாவது போடுறாரான்னு கண்ணைப் பார்த்தாலே தெரியுமாமே? பார்த்துச் சொல்லுங்க, மேல சொல்லிடறேன்."

பன்னிரண்டாவது ஆளாக வந்தார். நாற்பத்தேழு வயது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்திரண்டு வயதில் கனரக லைசென்ஸ் வாங்கி, அன்றிலிருந்து துறைமுக வாசல் வரிசையில் பாதி ஆயுளைக் கழித்தவர். இடது கண்ணுக்குக் கீழே ஒரு அம்மைத் தழும்பு. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். டார்ச்சை அடித்தேன். வலது பாவை பெரிது, இடது சிறிது.

பாவை என்பது கருவிழி நடுவே வெளிச்சம் நுழையும் துளை. நம் ஊர்க் கண்களில் கருவிழியும் கறுப்பாக இருப்பதால் சும்மா பார்த்தால் தெரியாது. மறுபடி அடித்துப் பார்த்தேன்.

"இன்னா நைனா, அவனுங்களுக்கெல்லாம் ஒரு தபா அடிச்ச. எனக்கு மட்டும் உள்ள இன்னாத்த தேடிகினு கீற?"

தலைவலி உண்டா? இல்ல. ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? இல்ல. கண்ணில் அடிபட்டதா? இல்ல. சொட்டு மருந்து ஏதாவது விட்டீர்களா? கேட்டு முடிப்பதற்குள்ளேயே 'இல்ல'. ஓட்டுநருக்குத் தெரியும், ஒரு 'ஆமாம்' சொன்னால் ஸ்டீயரிங் போய்விடும். அதனால் அவர் சொன்ன ஒரு 'இல்ல'யையும் என்னால் நம்ப முடியவில்லை.

ஜெஸ்வின் பின்னால் வந்து நின்றார். மாத்திரை என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சேர்ந்தே மாறும், ஒரு கண் மட்டும் மாறாது என்றேன்.

"அப்ப வேற ஏதோ இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

வேறு என்ன என்பதுதான் என் கவலையும். ஒரு கண் பாவை பெரிதாக நிறைய வழி உண்டு. பழைய அடி, கண்ணுக்குள் அழற்சி, தவறிப் பட்ட சொட்டு மருந்து, கையில் ஒட்டிய ஊமத்தைச் சாறு. பெரிதாக இருப்பது சரியாக இருந்து, சின்னதுதான் நோயாகவும் இருக்கலாம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் வீங்கி நரம்பை அழுத்தினாலும் இப்படி ஆகும்; அது வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஒன்றுமே இல்லாமல் பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் ஏராளம். பிறவியா, புதிதா என்று அறிய எளிய வழி பழைய போட்டோ.

லைசென்ஸைக் காட்டினார். நகம் அளவு முகம், அதுவும் கலங்கல். ஆதார் படம் அதைவிட மோசம்.

"வூட்ல பேனர் கீது. பொண்ணு மகிழினி ஃபங்ஷனுக்கு அடிச்சது. ஒம்போது வருசம் ஆவுது. என் மூஞ்சே மூணு அடி கீது, போதுமா?"

சாயங்காலம் அவரோடு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் டிரம்கள் மேல் மூடியிருந்த ஃப்ளெக்ஸை அவர் மனைவி பூவம்மா உதறி விரித்தார். மகளுக்கு ஒரு பக்கம் லட்சுமணன், வெளுப்பாக, கண்கள்கூடப் பழுப்பாக. பாவை இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டும் ஒரே அளவு.

அப்படியென்றால் இது புதிது.

மறுநாள் காலையே எங்கள் டாக்டர் நவ்ரீனிடம் கூட்டிப்போனேன். அவர் இருட்டு அறையிலும் வெளிச்சத்திலும் அளந்தார்.

"வித்தியாசம் ரெண்டுலயும் ஒரே அளவு. இமை தொங்கல, பாவை நல்லா சுருங்குது. பிறவி மாதிரிதான் தெரியுது. ஆனா பழைய படத்துல இல்லேன்னு நீயே பார்த்துட்டு வந்திருக்க. ஸ்கேன் எடுக்கற வரைக்கும் வண்டி வேணாம்."

படிவத்தில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதினேன். லட்சுமணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைய சொல்லு தம்பி. அந்த ஜெஸ்வின் என்னிய பாக்க சொல்லி உன்கிட்ட பேசினானா இல்லியா?"

பேசினார் என்றேன். அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். யார்டில் மூன்றாம் நாளே அவர் வண்டியில் வேறு ஆளை ஏற்றிவிட்டார்கள். பூவம்மா அவர் சட்டைப் பைகளைத் துழாவி மாத்திரை தேடியிருக்கிறார். ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் பேனர் மேல் திரும்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார்.

"சார், எங்க வூட்டுக்காரருக்கு கண்ணுக்கு கீழ தழும்பு ஒண்ணுதான். பேனர்ல ரெண்டு கீது. இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு."

லட்சுமணன், பூவம்மா, நான் மூன்று பேரும் தண்டையார்பேட்டையில் அந்த பேனர் கடைக்குப் போனோம். டிசைனர் தவ்ஃபீக் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"எந்த பேனரு? பர்மிஷன் லெட்டர் இல்லாம நம்ம கடையில அடிக்கறதே இல்ல."

"பொண்ணு ஃபங்ஷன் பேனரு பாய். ஒம்போது வருசம் முன்ன, எங்க வூட்டாண்ட கட்டினது" என்றார் பூவம்மா.

"அவ்ளோ பழசா? டிஸ்க் பூட்ச்சிம்மா." என்னைக் காட்டி, "இவரு யாரு, ஸ்டேஷனா?"

அடையாள அட்டையை நீட்டினேன். படித்தார். "கண்ணு டாக்டரா?"

"ஆப்டோமெட்ரிஸ்ட்."

"அப்ப டாக்டர் இல்ல" என்றார் நிம்மதியாக. அதற்குப் பிறகு போயிருந்த டிஸ்க் திரும்பி வந்தது.

மூலப் படத்தைத் திறந்து முகத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பிலிருந்து பழுப்புக்கு வந்த கண்ணில் வலது பாவை பெரிது, இடது சிறிது. டார்ச் அடித்து நான் பார்த்த அதே கணக்கு.

"அன்னிக்கே பார்த்தேன். கலர் ஏத்தும்போது ஒரு கண்ணு ஒரு மாதிரி தெரிஞ்சிச்சு. அப்புறம் நீ வந்து என்னியத்தான கேப்ப. அதான் லெஃப்டு கண்ண திருப்பிப் போட்டு ரைட்டுல வெச்சேன். தழும்பும் கூடவே வந்துட்ச்சி போல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?" என்றார் லட்சுமணன்.

"இன்னா மாமு சொல்றது? மூஞ்சிய நேராக்கத்தான் எல்லாரும் இங்க வரீங்க."

இருபத்து நாலு வருடம் கூடவே வாழ்ந்த பூவம்மா கவனிக்காததை, நாள் முழுக்கத் திரையில் முகங்களைப் பார்க்கும் ஒருவர் கவனித்து, சரிசெய்து, மறந்தும் போயிருந்தார்.

வெளியே வந்ததும் லட்சுமணன் நின்றார். "இத்தயும் கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னுவான் ஜெஸ்வின்." அவர் பயம் நியாயம்தான். ஆனால் டாக்டர் நவ்ரீன் மூலப் படத்தைப் பார்த்து, இன்னொரு முறை அளந்து, 'தகுதி' என்று எழுதிக் கொடுத்தார். தேதி வந்தபோது எடுத்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

லட்சுமணனோடு யார்டுக்குக் காகிதத்தை நானே கொண்டுபோனேன். ஜெஸ்வின் இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரி சார். அப்ப தூணை எதுக்கு உரசினாரு?"

"தூணு ரோட்டு மேல ஒன்றரை அடி வந்து நிக்குது. அத்த போயி டார்ச் அடிச்சி பாரு" என்றார் லட்சுமணன்.

வண்டியைத் திருப்பித் தரவில்லை. வாசலில் வண்டி நம்பர் எழுதும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர் வரமாட்டேன் என்றார்.

இப்போது லட்சுமணன் அண்ணன் வேறொரு கம்பெனியில், எண்ணூர் துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே ட்ரெய்லர் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட என்னிடம்தான் வருகிறார். நான் எழுதியதைக் கடைசி வரி வரை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.