எல்லாருக்கும் கை குடுக்கிற கூட்டம்

வாடகை மண்டபம் பாக்கிற வேலை எண்டால், மற்றவையின்ர சந்தோசம் முடியுமட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில காவல் நிக்கிற வேலை. சாவிக்கொத்தோட திரிஞ்ச என்ர சகபாடியளே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில ரொறன்ரோவில எனக்கு வாய்ச்சது ஒரு பழைய மண்டபம்.

வந்தவர் இருக்கமாட்டார்

ஞாயிறு பின்னேரங்களில கானா நாட்டுக்காரர் கூடுவினம். புதுசா வந்து இறங்கின பெடியளுக்கு வேலை, அறை, குளிருக்குக் கோட்டு எல்லாம் அங்கதான் ஒழுங்காகும். நல்ல சனம். ஆனா ஒருத்தர் பிந்தி வந்தாலும் உடன கதிரையில இருக்கமாட்டார். வலப்பக்கத்துக் கடைசி ஆளில தொடங்கி, எல்லாருக்கும் கை குடுத்து முடிச்சாத்தான் இருப்பார். அதுக்குள்ள அடுத்தவர் வந்திடுவார்! இது எப்ப தொடங்கி எப்ப முடிய, நான் எப்ப வீட்ட போறது? எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒருநாள் கதவடியில நிண்ட எனக்கும் ஒரு பெரியவர் கையை நீட்டினார். "நான் உங்கட ஆள் இல்லை, மண்டபம் பாக்கிறவன்" எண்டன். அவர் கையை எடுக்கேல்லை.

"மண்டபத்துக்குள்ளதானே நிக்கிறீர்?" எண்டார்.

மேள வழக்கு

கூட்டம் முடிய இரவில அவை அடிக்கிற மேளச்சத்தம் எதிர்வீட்டுக்காரருக்குப் பிடிக்கேல்லை. வேலை விட்டுப் பென்சன் எடுத்த மனுசன், தனிக்கட்டை. நகரசபையில முறைப்பாடு குடுத்திட்டார். விசாரணையில தோத்தால் ஞாயிறு மண்டபம் இல்லை. முந்தி வேற இடம் கேட்டுப் போனபோது இவையின்ர முகத்தைக் கண்டவுடனேயே கதவைச் சாத்தினது எனக்குத் தெரியும். கூட்டம் கலைஞ்சால் அந்தப் பெடியள் குளிருக்க எங்க போவினம்? உண்மையாச் சொல்லுறன், விசாரணைக்கு நானும் போறதெண்டு முடிவெடுத்தன்.

விசாரணையில தங்களுக்காகப் பேசுறதுக்கு அவை அக்கோசுவா எண்ட நேர்ஸ் பொம்பிளையைத் தெரிவு செய்தினம். பட்டதாரியளும் இருந்தவை, வயசான ஆம்பிளையளும் இருந்தவை. ஒருத்தரும் மூஞ்சையை நீட்டேல்லை. நான் அசந்துபோனன். வீட்ட வந்து மனிசியிட்டச் சொன்னன்.

"எங்கட ஆக்களெண்டால் ஆர் பேசுறதெண்டு அடிபட்டே விசாரணை முடிஞ்சிருக்கும்" எண்டாள்.

அஞ்சு நிமிசம்

நகரசபையில பேசுற ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிசந்தான். அக்கோசுவாவைக் கூப்பிட்டினம். அவ மைக்கடிக்குப் போகாமல் நேர வலப்பக்கம் போய் முதல் உறுப்பினருக்குக் கை குடுத்தா. பின்னால அவையின்ர சங்கமே வரிசையா வந்து கை குடுக்குது! உறுப்பினர்மார், குறிப்பெழுதுற பிள்ளை, வாசல் காவலாளி, முறைப்பாடு குடுத்த மனுசன், ஒருத்தரையும் விடேல்லை. அட கோதாரி, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில இதென்ன விசர் வேலை எண்டு நான் தலையில கைவைச்சன். ஒருமாதிரி மைக்கடிக்கு வந்து "வணக்கம்" எண்டா. சபைத் தலைவர் மணியை அடிச்சிட்டார். நேரம் முடிஞ்சுது!

அடுத்தது முறைப்பாட்டுக்காரர். மனுசன் மெல்ல எழும்பி, கொண்டுவந்த பேப்பரை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வைச்சார்.

"என்ர நேரத்தையும் அவவே எடுக்கட்டும். மேளத்தை மட்டும் ஒன்பது மணியோட நிப்பாட்டச் சொல்லுங்கோ" எண்டார்.

மண்டபம் அவைக்கே கிடைச்சுது, ஆனா அடுத்த ஞாயிறு விருந்துக்கு வந்த எதிர்வீட்டுக்காரர் ஒன்பது தாண்டியும் எழும்பாமல் மேளத்தடியில இருக்க, கதவைப் பூட்ட ஏலாமல் நிண்ட பாவி நான் ஒருத்தன்தான்.