அவள் பாடிவைத்த டிராக்

எங்கள் ஆல்பம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை. அந்தக் குழுவில் ஒருத்தி செத்துப்போன பிறகு, அவள் இடத்தில் போய் நின்றவள் நான்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டமாக ஆடிப்பாடுவது டிவியில் சக்கைபோடு போட்ட காலம் அது. ராயபுரத்தில் ஒரே சர்ச்சில் பாடிப் பழகிய நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு கேசட் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஷேர் ஆட்டோ, டீக்கடை எங்கே போனாலும் அதுதான் ஓடியது. அதில் உச்சத்தில் பாடுகிறவளுக்குத்தான் அத்தனை மவுசும். இரண்டாவது ஆல்பத்துக்கு டிராக் பாடிக் கொடுத்த கையோடு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம். டிராக் என்பது ஒத்திகைக்குப் பாடிவைப்பது. அதைக் காதில் கேட்டபடி பிறகு ஒழுங்காகப் பாடிப் பதிவு செய்வார்கள்.

நான் கொருக்குப்பேட்டை. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தேன். என் தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அவர்கள் கூப்பிட்டு அனுப்பியதும் தலைகால் புரியவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியது நான் இல்லை என்று.

"இந்தா பாரு," என்றாள் குழுவில் மூத்தவள். "குரல் மாறினது ஜனங்களுக்குத் தெரியக்கூடாது. அவ எப்டி பாட்னாளோ அப்டியே பாடு. உன் கரகரப்பெல்லாம் கச்சேரியோட வெச்சுக்கோ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கேசட் உறையில் என் முகம் வருமே! அந்த ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. போகப்போக என் குரலை நைசாக உள்ளே நுழைத்துவிடலாம், எனக்குத் தெரியாத வித்தையா என்று தலையாட்டினேன்.

ஸ்டூடியோ தண்டவாளத்தை ஒட்டிய ஒரு மாடி அறை. வெளிச் சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கூட்ஸ் வண்டி வந்தால் அந்த அட்டையால் ஒன்றும் ஆகாது, அறையே அதிரும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் காதில் முதலில் வண்டிச் சத்தம் விழுகிறதோ அவர் கையைத் தூக்க வேண்டும். உடனே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, வண்டி போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

மற்ற மூவருக்கும் ஹெட்போனில் இசை மட்டும்தான். என் காதில் மட்டும் அவள். பாட்டு மட்டுமா? அவள் மூச்சு, செருமல், நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லும் "இரு இரு, வண்டி வந்துகினு கீது" எல்லாம் அப்படியே இருந்தன.

முதல் நாள் அந்த "இரு இரு" காதில் விழுந்ததும் என் கை தானாக உயர்ந்தது. மூவரும் நிறுத்திவிட்டார்கள். அசையாமல் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தண்டவாளத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, எந்த வண்டிக்கு நிக்கிற?" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் அண்ணன்.

அவள் உயிரோடிருந்தபோது வந்துபோன வண்டிக்காக நின்றிருக்கிறேன்.

நாள் போகப்போக அவள் மூச்சு விடும் இடத்தில் நானும் விட்டேன். அவள் "இரு இரு" என்று சொல்வதற்கு முன்பே என் கை உயர்ந்தது. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது, "இரு இரு, வண்டி வந்துகினு கீது" என்று சிரித்தேன். நிஜமாகவே வண்டி வந்தது. மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவளே பேசுறா மாதிரி கீதுடி!" அழுகையிலும் அவளுக்குச் சந்தோஷம். நான் கையை உருவிக்கொண்டேன்.

கேசட் வந்தது, உறையில் என் முகத்தோடு. அம்மாவிடம் ஓடினேன். பந்தலில் எத்தனை பேர் கோரஸ் பாடினாலும், "அதோ, என் பொண்ணு குரல்" என்று விரல் நீட்டுகிறவள் அவள். இட்லி மாவுக் கையோடு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. நீ எப்போ பாடுவ?"

"இன்னாம்மா நீ! உச்சத்துல பாடுறதே நான்தான்."

"கத வுடாத. அது செத்துப்போன பொண்ணு. தெனம் டீக்கடைல கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?"

செத்துப்போனவள் குரலையே போட்டுவிட்டு என் முகத்தை ஒட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று நேராகப் போய் சவுண்ட் அண்ணன் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் இசையை எல்லாம் அடக்கிவிட்டு, நான் பாடியதை மட்டும் ஓடவிட்டார். கரகரப்பு துளிகூட இல்லை.

"அந்தப் பொண்ணு டிராக்கை எப்பவோ அழிச்சாச்சும்மா. இது நீதான். என் எதிர்லதானே பாடின?"

வாயைத் திறந்தால் யார் குரல் வருமோ என்று பயமாக இருந்தது. வீட்டுக்கு நடந்தேன். மத்தியான வெயில். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"அம்மா, நான்தான். கதவைத் தொற."

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. கதவைப் படபடவென்று தட்டி மறுபடியும், "அம்மா!" என்றேன்.

கதவுக்கு மிக அருகிலிருந்து அம்மாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"இங்க வராதம்மா. உங்கம்மா அங்க அழுதுகினு கீது. அது கிட்ட போ."