படகில் எழுதிய இனிஷியல்

எங்கள் வீட்டில் காகிதத்தில் மட்டும் பெரிய மனுஷிகளாக இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி அண்ணி, ஊராட்சித் தலைவர். இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் அண்ணன் அவளை நிறுத்தி ஜெயிக்க வைத்தான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். இவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, "தலைவரே" என்று கூப்பிடுகிறவர்களுக்கு "இன்னாப்பா" என்பான். இன்னொருத்தி நான். ஒரு மோட்டார் படகுக்குச் சொந்தக்காரி.

படகுக்கு முன்னால் எனக்கென்று இருந்தது ஒரு துணிப்பை. புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து என்னை வெளியே போகச் சொன்ன அன்று அதைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தேன். நைனா இருந்தவரை பரவாயில்லை. அவர் போன பிறகு அண்ணன் என் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான். "ஏய்", "இந்தாமே", யாராவது கேட்டால் "வூட்ல கீறவ". மாடு, சாணி, சமையல் எல்லாம் என் தலையில். வேலை எனக்குப் பெரிதில்லை. சின்ன வயதில் தெருவே கேட்க என் பெயரைக் கூவி விளையாடக் கூப்பிட்டவன், ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டானா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காக ஏங்கினேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். ஏரி, தென்னேரி அளவுக்குப் பெரிசில்லை. ஆனாலும் அடைமழையில் நிரம்பிவிட்டால் சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்கள் காரை நிறுத்திவிட்டுக் கரைமேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்குப் படகு யோசனை வந்தது. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் கழித்துக்கட்டிய படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்தான். ஆனால் ஏரியில் படகு விடும் குத்தகையைத் தலைவர் வீட்டுக்காரனே எடுத்தால் மறுநாளே கலெக்டர் ஆபீஸுக்கு மொட்டைக் கடுதாசி போகும். அப்போதுதான் நான் ஞாபகத்துக்கு வந்தேன். என் ஆதார் கார்டில் இன்னும் புருஷன் பெயரும் அவன் இனிஷியலும்தான் இருந்தன. இனிஷியல் வேறென்றால் குடும்பமும் வேறு. படகும் குத்தகையும் என் பேரில் வந்தன. கார்டை மட்டும் அண்ணன் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

சவாரிப் படகை நினைத்தபடி தண்ணீரில் இறக்கிவிட முடியாது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பதிவு செய்கிற ஆபீஸர் டேப்போடு வந்து நீளம், அகலம், ஆழம் அளந்தார். எஞ்சின் நம்பரைத் துடைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். ரிசார்ட்டின் பழைய நம்பரைத் தடம் தெரியாமல் சுரண்டச் சொன்னார். புது நம்பர் முன்பக்கம் இரண்டு புறமும் இருக்க வேண்டும். நீலப் படகில் வெள்ளை எழுத்து, கரையில் நின்றாலே படிக்கிற அளவு தடிமன். எத்தனை பேர் ஏறலாம் என்று உள்ளே எழுத வேண்டும். வாடகைக்கு விடுகிற படகு என்பதால் ஓனர் பெயரும் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, யாருதுன்னு பார்த்த உடனே தெரியணும் மேடம்," என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மேடம் என்றது மட்டும் ஏறியது. மனுஷர் என் முகத்தைப் பார்த்து வேறு பேசினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, "இனிஷியல் இன்னாக்கா?" என்று கேட்டார். நைனாவின் இனிஷியலைச் சொன்னேன்.

"ஆதார்ல இன்னா கீதோ அத்த எய்து," என்றான் அண்ணன்.

"தொரத்தினவன் எய்த்து எதுக்குண்ணா? நம்ம நைனாது போடட்டும்."

"நைனாது போட்டா நீ என் தங்கச்சின்னு வர்ற ஆபீஸருக்கெல்லாம் தெரிஞ்சுடும். அப்புறம் இன்னாத்துக்குமே உன் பேர்ல வாங்கிக்கீறேன்? பேஜார் பண்ணாம போ."

துரத்தினவன் எழுத்தே ஏறியது. தினமும் காலையில் படகைக் கழுவும்போது அதையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். பக்கத்திலேயே என் பெயர் இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். கரையில் போகும் பெண்கள், "இன்னா ஓனரம்மா, சாணி அள்ளிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். தலைவரம்மா பாத்திரம் துலக்கியாச்சா என்று திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. எனக்குச் சோறு போடுவது அவள் கை.

படகுக்குள் ஆறு பேர் என்று எழுதியிருந்தது. காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. அண்ணனே நின்று ஆளேற்றினான். லைஃப் ஜாக்கெட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. ஆபீஸர் வந்தால் மட்டும் அவை இறங்கும்.

"ஆறு பேருன்னு எய்திக் கீதுண்ணா. இது பத்துக்கு மேல போவுது."

"எய்தினவன வந்து ஓட்டச் சொல்லு. நீ டிக்கெட்டக் கிழிமே."

கிழித்தேன். நடு ஏரியில் படகு திரும்பும்போது சிலர் படம் எடுக்க ஒரே பக்கமாக எழுந்து நின்றார்கள். படகு சாய்ந்து எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள் குதித்து ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள். ஒரு பெண்ணை மட்டும் கடைசியில்தான் தேடி எடுத்தார்கள். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். புருஷன் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தான். அவளுக்கு நான்தான் டிக்கெட் கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஆழமாக்கா?" என்று கேட்டாள். ஆழமெல்லாம் இல்லை, போய்ட்டு வா என்றேன்.

படகை ஓட்டின கூலி ஆள் எதிர்க்கரையில் ஏறி ஓடிவிட்டான். ஒருக்களித்து மிதந்த படகில் என் பெயர் இருந்த பக்கம் மேலே இருந்தது. ரூல் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்தே படிக்க முடிந்தது.

ஜீப் வந்தது. "இந்த போட் யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கரை முழுக்க ஊர் ஜனம். அது யார் படகு என்று தெரியாத ஒருத்தர் அதில் இல்லை. எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். என்னை ஓனரம்மா என்று கேலி செய்த பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பாவிகள். இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்து, "தலைவரம்மா, நீங்க சொல்லுங்க," என்றார். அண்ணி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணன் சொன்னான். என் பெயரை. முழுசாக, ஓர் எழுத்தை விழுங்காமல், மொத்தக் கரைக்கும் கேட்கிற மாதிரி. தெருவில் கூவிக் கூப்பிட்ட அதே குரல். எதிரில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள், எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்துவிட்டது. என்ன பிறவி நான் என்று இன்றைக்கும் என்னைக் கரித்துக்கொட்டுகிறேன். அதற்கப்புறம்தான், பெயருக்கு முன்னால் அவன் சேர்த்துச் சொன்னது என்னைத் துரத்தினவன் இனிஷியல் என்று உறைத்தது.

"யாரு அவங்க? உங்களுக்கு உறவா?"

"ஊர்ல கீற பொம்பள சார்," என்றான். "பஞ்சாயத்துல குத்தகைக்கு எடுத்தாங்க. அவ்ளோதான் நமக்குத் தெரியும்."

அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து என் ஆதார் கார்டை எடுத்து நீட்டினான். ஊர்ப் பொம்பளையின் கார்டு உன் பையில் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கார்டைப் பார்த்தார், ஏரியில் மிதந்த படகைப் பார்த்தார். இரண்டிலும் இனிஷியல் ஒன்றாகவே இருந்தது. என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார்.