மணல் மூட்டைகளுக்குக் கீழே

பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பொதுமண்டபம் சுதந்திரத்துக்கு முன்பே கட்டிய கான்கிரீட் கட்டடம். எண்பதுகளில் அதைப் பழுதுபார்க்க வந்த மேஸ்திரி ஒல்லியானவர். சுத்தியால் தட்டி, கண்ணை மூடிச் சத்தம் கேட்டே வெடிப்பைக் கண்டுபிடிப்பார்.

வேலை முடிந்ததும் கூரைமேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தார்கள். தாங்கினால் மின்விசிறி, மேடை விளக்கு எல்லாம் வரும், இல்லையென்றால் இடித்துவிடுவார்கள். ஊரே வெளியே நிற்க, அவர் மட்டும் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“வெளிய வந்துருங்க மேஸ்திரி,” என்றேன், பஞ்சாயத்து எழுத்தரான நான்.

“நீங்க உள்ள வாங்க சார். நெழலாத்தான் இருக்குது.”

நானும் ஒரு நாற்காலியை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை கூரை இம்மியும் இறங்கவில்லை. ஊர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தது.

எழுந்தவர் என் தோளைப் பற்றினார். அவர் கை நடுங்கியது. பயமா, சந்தோஷமா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.