மச்சில் ஓர் அடுக்களை

எங்கள் வீடு முதன்முதலாக இரண்டாகப் பிரிந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். மறுநாள் மத்தியானத்துக்குள் அது மறுபடி ஒன்றாகிவிட்டது. சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டுக்காகத்தான் பிரிந்தோம்.

சேரன்மகாதேவியில் வீடு. ஒரு காலத்தில் ஊருக்கே நெல் அளந்து போட்ட குடும்பம் என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். ரேஷன் அரிசியில் ஆட்டிய மாவில் சுட்ட இட்லியைப் பிட்டுக்கொண்டேதான் அதையும் சொல்லுவார். அவர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்பா கல்யாணமான புதிதில் பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து, சித்தியோடு அங்கேயே வாடகைக்கு இருந்தார். சித்தி பெயரில் தனிக் கார்டு வாங்கியது அப்போதுதான். பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது இருவரும் எங்கள் வீட்டு மச்சுக்கு, அதாவது மாடி அறைக்கு, வந்து சேர்ந்தார்கள். கார்டும் கூடவே வந்தது. ஒரே வீட்டில் இரண்டு கார்டு வேண்டுமென்றால் தனித்தனியாகச் சமைக்க வேண்டும் என்பது விதி. "மச்சில் தனிச் சமையல்" என்று எழுதிக் கொடுத்து, சித்தப்பா விலாசத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

உண்மையில் சமையலெல்லாம் கீழே அம்மாவின் அடுக்களையில்தான். அது அம்மாவின் ராஜ்ஜியம். சித்தி தேங்காய் துருவலாம், கீரை ஆயலாம், ஏனம் பாத்திரம் கழுவலாம். அடுப்புப் பக்கம் மட்டும் போக முடியாது. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அம்மா பாசமாகவே "நீ தள்ளிக்கோ, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். சித்தியும் தள்ளிக்கொள்வாள்.

ஆகவே மாதாமாதம் இரண்டு கார்டுக்கும் அரிசி வந்தது, சீனி வந்தது, பருப்பு வந்தது. பொங்கலுக்குக் கரும்பும் இரண்டு பங்கு. இதில் ஒரு கரும்பு முழுக்க எனக்கு என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வீட்டில் எனக்குச் சாப்பாட்டு ராமி என்று பெயர். பன்னிரண்டு வயதில் நியாயம் அநியாயமெல்லாம் வாய்க்கு ருசியாக இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும்.

தாள் கார்டு போய் ஸ்மார்ட் கார்டு வந்த சமயம் அது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு கார்டு இருக்கும் வீடுகளையெல்லாம் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு உத்தரவு வந்திருந்தது. "நாளைக்கு உங்க தெருவுக்கு வாராக" என்று ரேஷன் கடை அண்ணாச்சி சித்தப்பாவின் காதில் போட்டுவைத்தார்.

சித்தப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. அவர் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குத் தேர்வாகியிருந்தார். உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. அவர் பெயரில் வழக்கு ஏதும் இல்லை என்று எழுதி வந்தால்தான் வேலை. பொய் சொல்லிக் கார்டு வைத்திருந்ததாக ஒரு கேஸ் விழுந்தால், வருஷக்கணக்காகப் படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

"கார்டைத் திருப்பிக் கொடுத்துருவோமாலே?" என்றார் அப்பா.

"இப்பக் கொடுத்தா நாமளே மாட்டிக்கிட்ட மாதிரில்லா ஆகும் அண்ணே. ஒரு நாள்தான. சமாளிச்சிருவோம்."

அப்படித்தான் புதன்கிழமை சாயங்காலம் வீடு பிரிந்தது. பேட்டையிலிருந்து வந்த அடுப்பும் சிலிண்டரும் பரணிலிருந்து இறங்கின. மச்சின் மூலையில் ஒரு பழைய மேஜையைப் போட்டு அடுப்பை ஏற்றினார்கள். மஞ்சள் பொடி, வத்தல், உப்பு எல்லாம் கீழிருந்து பங்கு பிரிந்து போயின. அண்ணனும் தம்பியும் அதிகாரி இருக்கும்போது ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளக் கூடாது என்று அப்பா சொன்னார். அவர்கள் சாதாரணமாகவே அதிகம் பேசிக்கொள்வதில்லை. சித்தி மட்டும் அந்த மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். போலி அடுக்களைக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அம்மா சொதி வைத்தாள். எங்களவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாளோ பெரிய விருந்தாளி வந்தாலோ வைப்பது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த அந்தக் குழம்பு கொதிக்கும் வாசனைக்கு நான் பள்ளிக்கூடத்தையே மறந்துவிடுவேன். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி நிஜமாகவே மட்டம் போட்டுவிட்டேன். கேஸ் போடவே வந்தாலும் மத்தியானம் வருகிறவரைச் சாப்பிடாமல் அனுப்பலாமா என்பது அம்மாவின் கட்சி. இஞ்சிப் பச்சடியும் தயாரானது.

வந்தது ஒரு அம்மாள். ஸ்கூட்டரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். கீழ் அடுக்களையைப் பார்த்தார். பிறகு மச்சுக்கு ஏறினார். பின்னால் நாங்கள் எல்லோருமே ஏறினோம்.

மச்சு அடுப்பின் மேல் ஒரு சட்டி மூடியிருந்தது. அந்த அம்மாள் மூடியைத் திறந்தார். உள்ளே சொதி. சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் பார்வைக்குச் சிக்கவில்லை. வெறும் சட்டி அடுப்பில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று, யாரிடமும் சொல்லாமல் கீழிருந்து பாதியைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள்.

"ரெண்டு வீட்டுலயும் இன்னைக்குச் சொதியா?" என்று அந்த அம்மாள் கேட்டார். குரலில் கோபம் இல்லை. சித்தியிடம் திரும்பி, "மணக்குது. எத்தன தேங்கா போட்டீங்க?" என்றார்.

சித்தி விழித்தாள். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு முத்தின தேங்கா. மூணாம் பால்ல காயை வேகவச்சு, தலைப்பால கடைசியில ஊத்தி உடனே இறக்கிரணும். கொதிக்க விட்டா திரைஞ்சு போவும்லா," என்று கதவோரத்திலிருந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்புறம்தான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். நிதானமாகத்தான் பேசினார். பொய்த் தகவல் கொடுத்துக் கார்டு வைத்திருந்தால் அதை ரத்து செய்யலாம், வாங்கிய சாமானுக்கெல்லாம் வெளிமார்க்கெட் விலையை வசூலிக்கலாம், போலீசுக்கும் எழுதலாம் என்றார்.

"கார்டு இவங்க பேர்ல இருக்கு. இவங்கதான் வாக்குமூலம் கொடுக்கணும். முன்னால எழுதிக் கொடுத்தது போகட்டும். இப்ப என் முன்னால கையெழுத்துப் போட்டு, அதுவும் பொய்யின்னு ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. சொல்லுங்கம்மா, நீங்க தனியாவா சமைக்கீங்க?"

"தனியாத்தான்னு சொல்லு," என்று சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அப்பா சுவரிலிருந்த காலண்டரில் எதையோ தேடினார். சித்தி அடுப்பைப் பார்த்தாள், வரிசையாக நின்ற டப்பாக்களைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "எனக்குன்னு இங்கன அடுப்பு கிடையாது. நாங்க அக்கா பொங்குததத்தான் சாப்பிடுதோம்."

அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த அம்மாள் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். கார்டு ரத்தாகும், பணம் கட்ட வேண்டியிருக்கும், தாமாக ஒத்துக்கொண்டதாகவே மேலே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் சாப்பிடவில்லை. அவர் போனபிறகு எங்கள் வீட்டிலும் யாரும் சாப்பிடவில்லை. இரண்டு சட்டிச் சொதி இருந்தும் நான் பட்டினி கிடந்த அந்தக் கொடுமையை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேட்டி!" என்று சித்தப்பா சித்தியைப் பார்த்துக் கத்தினார். அதன்பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. தவணை கேட்டுப் பணத்தைக் கட்டினார்கள். சித்தியும் சித்தப்பாவும் எங்கள் கார்டிலேயே சேர்ந்தார்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். சித்தப்பாவின் வேலைக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். வழக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். சித்தி அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த வரி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்பது சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி, "ஏளா, நீ சாப்ட்டியா?" என்று அவர் சித்தியிடம் கேட்டார். எனக்குத்தான் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வேலை வந்தது. முதல் சம்பளத்தில் என்ன வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். சித்தி நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. மச்சில் ஒரு சமையல் மேடையும் தண்ணீர்க் குழாயும் கேட்டாள். அம்மா கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் மேடை கட்டி முடித்த அன்று மத்தியானம், சித்தி இலை போட்டு அம்மாவை உட்காரவைத்துப் பரிமாறினாள். ஒருவர் பரிமாற அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். அவள் கண் கலங்கியது. குழம்பில் காரம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரியைக் கண்ட பயத்தில்தான் சித்தி உளறிவிட்டாள் என்று மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வெகுகாலம் நானே அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, இன்னொருத்தியின் அடுக்களையில் ஏனம் கழுவிக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் அவள் குரல் ஏன் அவ்வளவு உரக்க வந்தது என்று புரிந்தது. வந்த நாள் முதலாய் அவள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை, இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டிருந்தால், அதன்பிறகு அவள் அதை யாரிடம் போய்க் கேட்பாள்?