அண்ணன் போனுக்கு வரும் அழைப்பு

புதுச்சேரி என்றால் கடற்கரையும் மஞ்சள் சுவரும்தான் என்று வந்துபோகிறவர்கள் நினைக்கிறார்கள். பாகூர் பக்கம் எங்களுக்கு நெல்வயல் இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி நடுநடுவே தமிழ்நாடு வரும். பஸ் அதைத் தாண்டித் தாண்டித்தான் எங்கள் ஊருக்குப் போகும். மண் நல்ல மண். கடல்தான் பக்கத்தில். போர் மோட்டாரை அதிக நேரம் ஓட்டினால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும், பயிர் நுனியிலிருந்து கருகும். அண்ணன் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவான்.

அவன் நட்ட நெல் வேர்பிடித்துப் பச்சைகட்டிய நேரத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், நிற்கும். யாராவது அங்கே கையால் போட்டாலும் அதே போனுக்கு மணி அடித்து, "மோட்டார் ஓடுகிறது" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அந்தப் போனைப் பார்க்கவே முடியவில்லை என்று அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். நெல்லித்தோப்பில் குடியிருந்துகொண்டு ஜவுளிக்கடைக்குப் போகிறவள் நான். காலையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுக் கிளம்புவேன். அவனுடைய கடைசிப் பயிரையாவது வீடு சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

ஒரு நாள் நான் தொடாமலே மணி அடித்தது. "மோட்டார் ஓடுகிறது." அண்ணன்தான் தண்ணீர் கட்ட வந்துவிட்டான் என்று ஒரு கணம் நம்பினேன், சொல்வதில் வெட்கமில்லை. நிறுத்தினேன். மறுநாளும் அடித்தது. கடையில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் எடுத்துப் பார்த்தால் மதியமே அழைப்பு வந்திருக்கும், மோட்டார் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். பயம் போய் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேயாகவே இருந்தாலும் உப்பு ஏறும் என்று தெரிய வேண்டாமா?

லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வயலை நெருங்கும்போது பைக்குள் மணி அடித்தது. மோட்டார் கொட்டகையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வரப்போரத்துப் பயிர் நுனி பழுத்திருந்தது.

"இன்னா அண்ணி இது? பயிரைக் கொல்றதுக்கா?"

"தெரியுது. மோட்டாரைப் போட்டா அவரு போனு அடிக்கும். அடிக்குதுன்னு நெனச்சிக்கினு இப்படியே உக்காந்துடறேன். நிறுத்த மனசு வரல."

போனை எடுத்து நீட்டினேன். "அப்போ நீங்களே வெச்சிக்குங்க."

அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட இருந்தா என் கையிலயே அடிக்கும். வேணாம். எங்கியோ தூரத்துல அடிக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போட்டு உடனே நிறுத்திடுங்க அண்ணி. மணி அடிக்க அது போதும்" என்றேன்.

அப்படியே செய்தார். ஓரத்துப் பயிர் போனது போனதுதான், மற்றது தேறியது. அறுவடை முடிந்து நெல் வீடு வந்துவிட்டது. வயலுக்கு இனித் தண்ணீர் தேவையில்லை. ஆனாலும் தினமும் காலையில் அண்ணன் போன் அடிக்கிறது. முன்பெல்லாம் எடுத்துக் கேட்பேன். இப்போது எடுப்பதில்லை, எடுத்தால் அந்த மெஷின் பேசிவிடும். அடித்து ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.