ஹமீது பாய் கையால் அளந்த கம்பம்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சித்திரை மாதத்தில்தான் காஸ்பர் பந்து பிடித்தான். மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு வீடு திறந்திருந்தால் அதிசயம். சாந்தோமில் அவன் அம்மா ஆலிஸ் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். போர்த்துகீசியன் வந்தபோதும் இங்கேதான் இருந்தோம், வெள்ளைக்காரன் வந்தபோதும் இங்கேதான் இருந்தோம், இவனுக்காக மட்டும் எதற்கு ஓடணும் என்று கேட்டாள். அவளிடம் பேசி ஜெயித்தவர் அந்தத் தெருவில் இல்லை.

பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று. கூட்டாளிகளும் ஊரில் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டுக்குள் அடைந்து கிடப்பானா? மாதாகோயில் மைதானத்தில் ஒரு கம்பம் நின்றது. உச்சியில் பலகை, பலகையில் இரும்பு வளையம், வளையத்தில் குப்பத்து மீன்வலைத் துண்டு ஒன்று. கூடைப்பந்து ஆடினால் பிள்ளைகள் கெட்டுப்போகமாட்டார்கள் என்று பங்குச் சாமியார் நடச் சொன்ன கம்பம். நட்டவர் தச்சு வேலை செய்யும் ஷாஹுல் ஹமீது பாய். கோயிலில் உடைந்துபோன பெஞ்சை அறுத்துத்தான் அந்தப் பலகையைச் செய்தார். வளையம் ஆறே முக்கால் முழ உயரத்தில் இருக்கட்டும் என்று சாமியார் கணக்குப் போட்டுச் சொன்னார். அடிக்கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்த பாய், அதற்கென்ன, கடவுள் கொடுத்த கோல் கையோடு இருக்கிறதே என்று தன் முழங்கையாலேயே அளந்து நட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கம்பத்தில் காஸ்பர் நாலு வருஷம் பந்து போட்டான். தங்கச்சி ஐரின் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பாள். நூறு தடவை கொடுத்தால் நானும் பத்து தடவை போடுவேன் என்பது அவள் போட்ட நிபந்தனை. சண்டைக் காலமானதால் வெளி ஆட்டம் எல்லாம் நின்றுபோயிருந்தது. ஜனங்கள் ஊர் திரும்பியதும் பங்குப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டார்கள். வெயிலோ மழையோ, பத்து போட்டால் ஒன்பது காஸ்பருக்கு உள்ளே விழும்.

சண்டை முடிந்த மறு வருஷம் கோயில் திருவிழாவுக்கு மவுண்ட் ரோட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். கம்பெனிக்கென்று ஒரு கூடைப்பந்துக் குழு உண்டு. அதில் ஆடுகிறவனுக்குக் கிடங்கில் உத்தியோகமும் உண்டு. காஸ்பர் பந்து போடுவதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சைதாப்பேட்டை மைதானத்துக்கு வா, ஆடிக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே சமயம் வீட்டில் வேறு ஏற்பாடு. அப்பா மரியதாஸ் அடையாறில் ஒரு துரை வீட்டில் பட்லர். கண் மங்கிவிட்டதால் அந்த இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை போயாக வேண்டும். போனால் அங்கேயே தங்கல், ஞாயிறு பூசைக்கு மட்டும் வீடு. பந்துக்கு அன்றோடு கும்பிடு.

"பந்து எந்த ஊர்லடா சோறு போடுது?" என்றாள் ஆலிஸ். "சனிக்கிழமை போ. ஜெயிச்சா ஒன் இஷ்டம். தோத்தா திங்கக்கிழமை வாயத் தொறக்கக் கூடாது."

அவள் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது.

சைதாப்பேட்டைக்கு ஐரினும் ஹமீது பாயும் கூடவே போனார்கள். நான் நட்ட மரத்தில் விளைந்த பழம், விற்கிற இடத்துக்கு நான் வராமலா என்று பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களையே இரண்டு கட்சியாகப் பிரித்து ஆடவிட்டு, எடுக்கப்போவது இரண்டே பேரை. பாதிப் பேர் காலில் கான்வாஸ் ஷூ. காஸ்பர் வெறுங்கால்.

முதல் பாதியில் அவன் போட்ட பந்து ஒன்றுகூட விழவில்லை. ஒன்று பலகைக்கு மேலே பறந்தது, ஒன்று பலகையின் விளிம்பில் அடித்துத் திரும்பியது. எட்டாவதும் அப்படியே போக, எதிர்ப்பக்கத்தில் ஒருவன், "இன்னா நைனா, காக்கா ஓட்டிக்கினு கீறியா?" என்றான். மைதானமே சிரித்தது. காஸ்பருக்குக் கண்முன்னால் துரை வீட்டுச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது.

இடைவேளையில் ஹமீது பாய் எழுந்து போய்க் கம்பத்தடியில் நின்றார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். கையைத் தூக்கிக் குதிகாலை உயர்த்தினார். தொங்கிக்கொண்டிருந்த வலையின் நுனி விரலில் தட்டியது. அப்படியே நின்றுவிட்டார். சாந்தோமில் எத்தனை தடவை வளையத்துக்கு ஆணி இறுக்கியிருக்கிறார்! ஏணி இல்லாமல் அந்த வலையை ஒரு நாளும் தொட்டதில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, தப்பு ஒன்னுது இல்ல. என் கையோடது. ஊரான் முழத்தவிட என் முழம் நீளம். ஒரு அடிக்கு மேலயே ஒசத்தி நட்டுட்டேன்."

காஸ்பருக்கு ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷம்! ஆனால் பாய் குழந்தை மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஐரின்தான் கேட்டாள், இப்போது கொஞ்சம் மெல்லப் போட்டால் என்ன என்று. முடியாது. கை ஒரே வீச்சைத்தான் கற்றிருந்தது. அதை ஐந்து நிமிஷத்தில் மறக்கச் சொன்னால் மறக்குமா? கை மாறாதென்றால் கால் மாறட்டும் என்று நினைத்தான். மேலே ஏறிப் பலகைக்கு ஓடுகிற பந்து, கொஞ்சம் பின்னாலிருந்து புறப்பட்டால் வளையத்துக்கு வரும்போது இறங்கியிருக்குமே.

மறுபாதி தொடங்கியதும் பந்து கைக்கு வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து ஒரு எட்டு பின்னால் போனான். இவன் வீட்டுக்கே போகிறான் போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போட்டான். வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. அடுத்த தடவை இன்னும் அரை எட்டு பின்னால். அதே வீச்சு, சாந்தோம் வீச்சு. பந்து வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கியது. அப்புறம் அவனை நிறுத்த ஆளில்லை. கிட்டே வந்து மறிக்கிறவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் போடுவான் என்று எண்ணமே இல்லை. காக்கா ஓட்டுகிறாயா என்று கேட்டவனும் கடைசியில் சிரிப்பை விட்டுவிட்டான்.

ஏன் அத்தனை தூரத்தில் நிற்கிறாய் என்று கம்பெனிக்காரர் கேட்டார். காஸ்பர் பாயைக் காட்டி நடந்ததைச் சொன்னான். அவர் பாயின் கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மவுண்ட் ரோட்டுக்கு வந்துவிடு என்றார்.

திங்கட்கிழமை காஸ்பர் உத்தியோகக் கடிதத்தோடு வந்ததும் ஆலிஸ் அதைச் சாமியாரிடம் கொண்டுபோய் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அடையாறுக்குத் தானே நடந்தாள், என் பிள்ளை வரமாட்டான் என்று துரை வீட்டில் சொல்ல.

அடுத்த வாரம் ஹமீது பாய் ரம்பத்தோடும் அடிக்கோலோடும் மைதானத்துக்கு வந்தார். கம்பத்தை அறுத்துக் குட்டையாக்காமல் தூக்கம் வராது என்றார். அறுக்கக்கூடாது என்று காஸ்பர் மறித்தான். இருவரும் விட்டுக்கொடுக்கிற ஜாதியில்லை. வெயில் ஏறும்வரை வாதாடினார்கள். கடைசியில் பாய் மைதானத்தின் அந்தக் கோடியில் இன்னொரு கம்பம் நட்டார், இந்தத் தடவை கோலால் மூன்று முறை அளந்து. பழையது நின்ற இடத்திலேயே நின்றது.

கம்பெனிக்காக காஸ்பர் பெங்களூர் போனான், ஐதராபாத் போனான், ஒரு தடவை கல்கத்தாவுக்கும் ரயிலேறினான். எந்த ஊர் மைதானமானாலும் முதலில் கம்பத்தடியில் நின்று கையைத் தூக்கிப் பார்ப்பான். பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். லீவில் வந்தால் நேரே பழைய கம்பத்துக்கு. அங்கே ஐரின் பத்துக்கு எட்டு போட்டுக்கொண்டிருப்பாள். அண்ணனைப் பார்த்ததும், பந்தைப் பொறுக்கிப் போடு என்பாள்.